பெயருக்கு நேரே காலியாக இருந்த இடம்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 43 வயது. என் அம்மா 34 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தார். ஏழு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். மகள் என்ற முறையில் நான் நான்கு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். மூன்று மாதமாக உட்கார்ந்து பார்க்கிறேன். 'என் அம்மா தியாகத்தின் திருவுருவம்' என்ற முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

துக்கம் கேட்க வந்த பழைய மாணவர்கள் எல்லாரும் 'எங்களுக்கும் அம்மா மாதிரி' என்று சொல்லி அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆறாம், ஏழாம் வகுப்புகளில் நானும் அம்மாவிடம்தான் படித்தேன். பள்ளியில் அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்தால் அதிகம் பேச மாட்டார், விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்துவிடுவார். எனக்குக் கடும் காய்ச்சலாக இருந்த ஒரு நாளில்கூட என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு எடுக்கப் போனார். இதை எழுதினால் துரோகம், எழுதாவிட்டால் பொய். 'நல்லதை மட்டும் எழுது, போதும்' என்கிறார் அண்ணன். செத்துப்போன அம்மாவின் பெயரைச் சொல்லி மற்றவர்கள் அழும்போது பொறாமைப்படுகிற நான் நல்ல மகள்தானா?

பி.கு.: அலமாரியில் அம்மாவின் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. ஆண்டு வாரியாகப் பிள்ளைகளின் பெயர்கள், நேரே பென்சிலில் குறிப்புகள். 'இடது கண் சரியில்லை, முதல் பெஞ்சு.' 'அப்பா இல்லை. அப்பா கையெழுத்து வாங்கி வரச் சொல்லக் கூடாது.' இப்படி. என் வகுப்புப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். என் பெயரும் இருக்கிறது. நேரே ஒன்றும் எழுதவில்லை.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தில் நீங்கள் கேட்டது நினைவு மலருக்கு எப்படி எழுதுவது என்று. பின்குறிப்பைப் படித்த பிறகுதான், நீங்கள் கடிதமே எழுதியது எதற்காக என்று எனக்குப் புரிந்தது. துக்கத்தில் இருப்பவர்களோடு பேசுவதையே இருபது வருஷத்துக்கு மேலாக வேலையாக வைத்திருப்பவள் நான். முக்கால் மணி நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, எழுந்து கதவருகே போனதும் திரும்பி நின்று, 'அப்புறம் மேடம், இன்னொன்று' என்பார்கள். அன்றைய பேச்சு அங்கேதான் ஆரம்பமாகும். உங்கள் பின்குறிப்பும் அந்த ரகம்.

அந்தக் காலி இடத்துக்கு ஒரு ஆறுதலான விளக்கம் என் நாக்கு நுனியில் நிற்கிறது. 'உன்னைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது, எதற்காகக் குறிப்பு எழுத வேண்டும்?' என்று சொல்லிவிடலாம். படிக்கிற எல்லாருக்கும் கண் கலங்கும். ஆனால் அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அம்மா அன்று வேலை மும்முரத்தில் விட்டிருக்கலாம். தன் மகளைப் பற்றிப் பள்ளி நோட்டில் எழுதுவது முறையல்ல என்று நினைத்திருக்கலாம். எழுதப் போய், என்ன எழுதுவது என்று தெரியாமல் பென்சிலைக் கீழே வைத்திருக்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. அந்த இடத்தை நானோ நீங்களோ அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம். கடைசியில் அதற்குத் திரும்பி வருகிறேன்.

முதலில் பொறாமை என்று நீங்கள் பெயர் வைத்திருக்கும் விஷயம். அழுதவர்களைப் பார்த்து உங்களுக்கு வந்தது பொறாமைதான், மறுக்கவில்லை. அந்தச் சொல்லைத் திட்டாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். எது நமக்கு வேண்டியிருந்ததோ, கிடைக்கவில்லையோ, அதன் பக்கம்தான் பொறாமை கை காட்டும். அந்த மாணவர்களுக்குக் கிடைத்தது என்ன? காலை ஒன்பதரை மணி அம்மா. தலை வாரி, சேலை மடிப்பு கலையாமல், பாடத்தை முதல் நாள் இரவே தயாரித்து வந்தவர். பத்தாவது முறை அதே சந்தேகம் கேட்டாலும் முகம் சுளிக்காதவர். உங்களுக்குக் கிடைத்தது மாலை ஆறு மணி அம்மா. இரண்டும் ஒரே ஆள்தான், ஆனால் முதலாமவர் செலவழித்துவிட்ட பிறகு மிச்சமிருந்ததுதான் இரண்டாமவர்.

இதற்குப் பெயர் உண்டு. அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களின் வேலையை ஆராய்ந்து எழுதினார். சிரிப்பையும் பொறுமையையும் வேலையின் பகுதியாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது, அதுவும் உடலுழைப்பைப் போல ஓர் உழைப்புதான் என்பது அவர் சொன்னது. உணர்வு உழைப்பு என்று இன்று தமிழிலும் சொல்கிறோம். ஆசிரியர் வேலையை இதற்கு உதாரணமாகச் சொல்ல ஆராய்ச்சிகூடத் தேவையில்லை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது முகத்துக்கும் தன் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அதே ஹோக்‌ஷில்ட் 1989-இல், வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பியதும் தொடங்குகிற இரண்டாவது ஷிஃப்டைப் பற்றி எழுதினார். உங்கள் அம்மாவுக்கு மூன்றாவது ஷிஃப்டும் இருந்திருக்கிறது, அந்த விடைத்தாள் கட்டு.

என் சொந்தக் கதை ஒன்று. என் மகளுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது ஒரு நாள் கேட்டாள்: 'ஆலோசனைக்கு வர்றவங்ககிட்ட பேசற மாதிரி என்கிட்ட ஒரு நாள் பேசேன்மா.' சண்டையாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் உங்கள் கடிதத்தை நான் உங்கள் பக்கத்திலிருந்து மட்டும் படிக்கவில்லை, அம்மாவின் பக்கத்திலிருந்தும் படித்தேன். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

அம்மா ஏன் அப்படி இருந்தார் என்று புரிந்துகொண்டால் உங்கள் மனத்தாங்கல் தீர்ந்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். காய்ச்சலோடு படுத்திருந்த பிள்ளைக்கு உணர்வு உழைப்பைப் பற்றி என்ன தெரியும்? கதவு சாத்தும் சத்தம் தெரியும், அவ்வளவுதான். 43 வயதில் காரணம் தெரிந்துகொள்வதால் அந்தப் பிள்ளைக்கு இன்று காய்ச்சல் விட்டுவிடாது. காரணத்தையும் வலியையும் ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யுவுக்கு 1957-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரபரப்பு சற்று அடங்கியபின், நவம்பர் 19 அன்று, தன் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். செய்தி தெரிந்ததும் முதலில் அம்மாவை நினைத்தேன், அடுத்து உங்களை நினைத்தேன் என்பது அதன் சாரம். காம்யுவின் அப்பா முதல் உலகப் போரில் இறந்தவர், அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏழைப் பையனை மேலே படிக்க வைக்கச் சொல்லி வாதாடியவர் அந்த ஆசிரியர். ஆசிரியர்களைப் பற்றிய கூட்டங்களில் பலரும் இந்தக் கடிதத்தைச் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த வரிசைதான். முதலில் அம்மா, அப்புறம் ஆசிரியர். காம்யுவுக்கு அது சுலபம், ஏனென்றால் அவர்கள் இரண்டு தனித்தனி ஆட்கள், ஒருவர் மற்றவரிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு இருவரும் ஒரே உடம்பில் இருந்தார்கள். ஒருவர் கொடுத்ததை மற்றவர் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. போதாததற்கு இரண்டு வருஷம் ஒரே அறையில் அவரை வேறு பெயர் சொல்லி அழைத்தீர்கள். ஆசிரியர்களின் பிள்ளைகள் பலர் என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுவதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகக் கண்டிப்பு. அதை அந்தப் பிள்ளையிடம் யாரும் விளக்கிச் சொல்வதும் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னதை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். 'அம்மா மாதிரி.' அந்த மாதிரி என்ற சொல் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. உங்களுக்கு அது தேவையில்லை. அவர்கள் உரிமை கொண்டாட வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் நினைவு அவ்வளவு பளிச்சென்று இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்தவற்றைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் அதிகமாக வரும். நினைவாற்றல் ஆய்வாளர்கள் பலமுறை பார்த்த விஷயம் இது. டீச்சர் அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது சரியாக அந்தக் காலத்தின் வாசலில். அதுவும் நாளுக்கு ஒரு மணி நேரம், கரும்பலகைக்கு முன்னால், வெளிச்சத்தில். உங்களுக்கோ நாற்பது வருஷ அம்மா. அதில் பாதி, சாதாரண நாட்கள். சாதாரண நாட்கள் கேட்டவுடன் ஞாபகத்துக்கு வராது, தோண்டித்தான் எடுக்க வேண்டும். 'அவர்களுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கிறதே, எனக்கு இல்லையே' என்று தோன்றினால் அதைப் பாசத்தின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அழுகை வராததைப் பற்றிச் சுருக்கமாக. துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, மறுப்பு, கோபம் என்று வரிசையாக வரும், இது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது, சாகப்போகும் நோயாளிகளோடு பேசிய அனுபவத்திலிருந்து. பிரிந்தவர்களுக்கான கால அட்டவணையாக அது பிற்பாடு ஊரெங்கும் பரவிவிட்டது. நான் பார்த்தவரை யாரும் அந்த வரிசையில் துக்கப்பட்டதில்லை. 1999-இல் துக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் முன்வைத்த பார்வை எனக்கு அதிகம் பொருந்துகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், அன்றாட வேலைகளின் பக்கம் கொஞ்ச நேரம் என்று ஊசலாடிக்கொண்டே இருக்கிறார், அந்த ஊசலாட்டம் ஆரோக்கியமானதுதான் என்கிறார்கள். மலர்க் குழுவுக்கு நாள் குறித்துக்கொடுத்துவிட்டு அவர்கள் கேட்ட நேரத்தில் இழப்பின் பக்கம் போய் நிற்க முடியாது. மூன்று மாதம் ஒரு வரியில் நின்றதில் இதற்கும் பங்கு இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், தொழில் கடமை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துக்கம் இப்போது ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்கள், ஏக்கமோ இறந்தவரைப் பற்றிய நினைப்போ விடாமல் பிடித்துக்கொண்டு, வேலை, வீடு, உறவு எதையும் நடத்த முடியாமல் போவது அது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறி எனக்குத் தெரியவில்லை. ஏழு மாதம் என்ற எண்ணை மட்டும் வைத்து யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருமானால் மட்டும் மலரையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, காத்திருக்காமல் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

சரி, எழுதுவதற்கு வருவோம்.

'தியாகத்தின் திருவுருவம்' என்ற வரி உங்களை ஏன் நிறுத்தியது? அது பொய் என்பதால் என்று நினைக்கிறீர்கள். பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், அந்த வரியை எந்த அம்மாவின் படத்துக்குக் கீழும் போட்டுவிடலாம். படத்தை மாற்றினாலும் வரி அப்படியே நிற்கும். அடுத்த வரி எங்கிருந்து வரும்? திருவுருவத்துக்குக் கையும் காலும் உண்டு, சுவாரசியம் கிடையாது. இன்னொன்றும் உண்டு. தியாகம் என்று சொல்லும்போது யார் கொடுத்தார் என்பது மட்டும் தெரிகிறது, யார் பங்கிலிருந்து கொடுத்தார் என்பது மறைந்துவிடுகிறது. அம்மா தன் பங்கைக் கொடுத்தார். உங்கள் பங்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கொடுத்திருக்கிறார், உங்களைக் கேட்காமல். அந்த வரியை எழுதிய கை அதனால்தான் அங்கேயே நின்றுவிட்டது என்று நான் ஊகிக்கிறேன்.

குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்டு வினிகாட் 1950களில் 'போதுமான அளவுக்கு நல்ல அம்மா' என்று எழுதினார். குறையே இல்லாத அம்மா குழந்தைக்குத் தேவையில்லை, தொடக்கத்தில் முழுக்க ஈடுகொடுத்துவிட்டுப் போகப்போகச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்கிற அம்மாதான் குழந்தையை உலகத்துக்குப் பழக்குகிறார் என்பது அவர் கருத்து. பத்திரிகைகளில் இதைச் சமாதான வார்த்தையாக ஆக்கிவிட்டார்கள். எழுதுகிறவர்களுக்கு இது நல்ல கருவியும்கூட. போதுமான அளவுக்கு நல்லவராக இருந்த ஒரு பெண் உங்கள் கட்டுரைக்குப் போதும்.

இரண்டு கட்டுரை எழுதுங்கள். முதலாவது உங்களுக்கு மட்டும். நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், எழுத்துப் பிழையைப் பார்க்காமல், யாருக்கும் காட்டப்போவதில்லை என்ற உறுதியோடு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவர் மாணவியும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைச் செய்யச் சொன்னது ஏறக்குறைய இதுதான். நடந்ததையும் அது உண்டாக்கிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு இன்னும் கனத்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. பின்னால் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் சிறியதாகவே தெரிந்தது. மருந்து என்று நினைத்து இதைச் செய்ய வேண்டாம். மலருக்கு எழுதும்போது காய்ச்சல் நாள் வந்து கையைப் பிடிக்கக் கூடாது, அதற்கு ஓர் இடம் ஏற்கெனவே கிடைத்திருக்க வேண்டும், அதற்காகத்தான்.

இரண்டாவது கட்டுரைக்கு உங்களிடம் சரக்கு போதாது. வெட்கப்படாதீர்கள், எந்த மகளிடமும் போதாது. அம்மா பகலில் இருந்த இடத்தில் நீங்கள் இரண்டு வருஷம்தான் இருந்திருக்கிறீர்கள். அதனால் அழுதார்களே, அவர்களில் நாலைந்து பேரிடம் போனில் பேசுங்கள். 'டீச்சர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்காதீர்கள், தங்கமானவர் என்பார்கள், பேச்சு முடிந்துவிடும். டீச்சருக்குக் கோபம் வந்தால் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். வழக்கமாகத் திட்டும் வார்த்தை எது? எந்தக் கணக்கை நடத்தும்போது குரல் மாறும்? சுண்ணக்கட்டி தீரும்வரை எழுதுவாரா, பாதியில் போட்டுவிடுவாரா? யாருடைய தவறை வகுப்பு முன்னால் சொல்வார், யாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்? டீச்சர் செய்தது சரியில்லை என்று அன்றைக்குத் தோன்றிய ஒன்றையாவது சொல்லச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் தயங்குவார்கள். அப்புறம் பத்து நிமிடம் பேசுவார்கள். அதைக் கேட்கும்போது, அம்மாவிடம் மனத்தாங்கல் வைத்திருந்தவர் நீங்கள் மட்டும் இல்லை என்பதும் தெரியும்.

உங்களிடம் மட்டும் இருப்பவை வேறு. இரவில் விடைத்தாள் திருத்தும் அம்மாவைப் படுத்தபடி பார்த்திருப்பீர்களே. மதிப்பெண்ணைக் கூட்டும்போது உதடு அசையுமா? ஒரு தடவை கூட்டுவாரா, இரண்டு தடவையா? ஒரு மதிப்பெண்ணில் தோற்கிற தாள் வந்தால் என்ன செய்வார்? பேனா மூடியை எங்கே வைப்பார்? எத்தனை மணிக்கு விளக்கு அணையும்? வந்தவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. அவர்கள் கைக்கு வந்த சிவப்பு மை எந்த மணிக்கு, எந்த முகத்தோடு எழுதப்பட்டது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நான்கு பக்கத்தில் இரண்டு பக்கம் இதற்கே ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அடித்தளமாக, வேலைக்குச் சேர்ந்த வருடம், பணியாற்றிய பள்ளிகள், ஓய்வு பெற்ற வருடம் ஆகியவற்றைப் பழைய ஆவணங்களில் பார்த்துச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். இதில் அண்ணன் உதவட்டும், அவருக்கும் கையில் ஒரு வேலை இருக்கும்.

காய்ச்சல் நாளை மலரில் எழுதலாமா? எழுதலாம், தீர்ப்பு சொல்லாமல் எழுதினால். உதாரணத்துக்கு, இப்படி: 'எனக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு காலையில் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பாட்டியிடம் ஏதோ சொன்னார். பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். அன்று சிறப்பு வகுப்பு. அந்த வகுப்பில் படித்தவர்கள் இந்த மலரைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.' அவ்வளவு போதும். நெற்றியைத் தொட்டாரா என்பது எனக்குத் தெரியாது, அது நான் சேர்த்தது. தொடவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். 'ஆனாலும் அவர் கடமையில்' என்று தொடங்கும் எந்த வாக்கியமும் அதற்குப் பின்னால் வர வேண்டாம். புகாரும் வேண்டாம், வக்காலத்தும் வேண்டாம். படிப்பவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை, அந்த வகுப்புக்கு யார் வீட்டிலிருந்து நேரம் வந்தது என்று அவர்களே கூட்டிக்கொள்வார்கள்.

அண்ணனைப் பற்றி. 'நல்லதை மட்டும் எழுது' என்பவரை உண்மைக்குப் பயப்படுகிறவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் அம்மாவும் உங்கள் அம்மாவும் முழுக்க ஒருவர் அல்ல. அவர் பிறந்தபோது அம்மா வேலைக்குப் புதியவராக இருந்திருக்கலாம், பொறுப்புகள் குறைவாக இருந்திருக்கலாம். அவர் அந்த வகுப்பறையில் உட்கார்ந்து 'டீச்சர்' என்று கூப்பிட்டாரா என்றும் நீங்கள் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் அச்சுக்குப் போகும் முன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தகவல் தவறு என்றால் திருத்துங்கள். 'இது நடந்தது, ஆனால் எழுதாதே' என்றால், அதை எடுப்பதா வைப்பதா என்பது கட்டுரைக்குக் கீழே பெயர் போடுகிறவரின் முடிவு. கெஞ்சி அனுமதி கேட்க வேண்டாம், முகத்துக்கு எதிரே நீட்டவும் வேண்டாம்.

ஒன்று கவனித்தேன், கேட்காமல் விட முடியவில்லை. உங்கள் கடிதத்தில் பாட்டி வருகிறார், அண்ணன் வருகிறார், அப்பா வரவே இல்லை. அம்மா நோட்டிலிருந்து இரண்டே குறிப்புகளை எடுத்து எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒன்று அப்பா இல்லாத பிள்ளையைப் பற்றியது. தற்செயலாக இருக்கலாம். அப்பா அந்த வீட்டில் இல்லை என்றால், அல்லது இருந்தும் தோள் கொடுக்கவில்லை என்றால், மாலை ஆறு மணி அம்மாவைப் பற்றி எழுதும்போது அதையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மனத்தாங்கலில் ஒரு பங்கு தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கவும் கூடும். எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. முதல் கட்டுரையில், அந்தப் பதினைந்து நிமிடத்தில், அப்பாவுக்கும் ஒரு நாள் கொடுங்கள்.

இறந்தவரிடமிருந்து மனத்தை மெல்ல விடுவித்துக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்று 1917-இல் எழுதியவர் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃபிராய்டு. அதற்கு மூன்று வருடம் கழித்து அவர் மகள் சோஃபி இறந்தார். 1929-இல், மகனை இழந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இன்று இருந்திருந்தால் என் மகளுக்கு முப்பத்தாறு வயது என்கிறார். அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும், அப்படி இருப்பதுதான் சரி என்கிறார். கோட்பாட்டை எழுதிய கைதான் இதையும் எழுதியது. இறந்தவரோடு உறவு முடிவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்று ஆய்வாளர்கள் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தது 1990களில்தான். இதை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம், தொடர்வது பாசம் மட்டும் அல்ல. வழக்கும் தொடரும். அம்மாவோடு இன்னும் சில வருடங்கள் நீங்கள் வாதாடிக்கொண்டிருக்கலாம். நான்கு பக்கக் கட்டுரையில் அந்த வழக்கை முடித்து வைக்க வேண்டும் என்று நினைத்ததால்தான் பேனா நகரவில்லையோ?

இனி அந்த நோட்டு. முதலில் ஒரு முன்னெச்சரிக்கை. மலர்க் குழுவுக்கு இந்த நோட்டைப் பற்றித் தெரிந்தால் பக்கத்தைப் படமெடுத்து அச்சிட வேண்டும் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் இருப்பவை சின்னப் பிள்ளைகளின் கண், குடும்பம், வறுமை பற்றிய விஷயங்கள். அந்தப் பிள்ளைகள் இன்று உங்கள் வயதுக்காரர்கள். அம்மா பென்சிலில் எழுதி அலமாரியில் வைத்திருந்தது, பிறர் கண்ணில் படுவதற்காக இருக்காது. பெயர் இல்லாமல், ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி ஓரிரு குறிப்புகளைச் சொல்லலாம். முதல் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர் யார் என்று தெரிந்து, அவருக்கு அந்த வரியைத் தனியாகப் படித்துக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. ஏன் முதல் பெஞ்சு என்று இத்தனை வருஷமாக அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

அப்புறம், நீங்கள் அந்த நோட்டை உங்கள் பெயரைத் தேடுவதற்காகத்தான் திறந்திருக்கிறீர்கள். காலியாக இருப்பதைப் பார்த்ததும் மூடியிருப்பீர்கள், அப்படித்தானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள், எல்லா வருடமும், எல்லாப் பெயரும். எத்தனை பெயர்களுக்கு நேரே குறிப்பு இருக்கிறது, எத்தனைக்கு இல்லை என்று எண்ணுங்கள். கணக்கு டீச்சரின் மகள், எண்ணத் தெரியும். குறிப்பு யாருக்கு எழுதப்பட்டிருக்கிறது? எல்லாருக்குமா, ஏதோ ஒரு கவலை இருந்த பிள்ளைகளுக்கு மட்டுமா? நன்றாகப் படித்து, ஒழுங்காக வந்துபோன பிள்ளைகளின் இடம் எப்படி இருக்கிறது? உங்களுக்கு முந்தைய வருடத்துக்கும் பிந்தைய வருடத்துக்கும் கையெழுத்தில் வித்தியாசம் தெரிகிறதா? அண்ணன் அதே பள்ளியில் படித்திருந்தால் அவர் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது?

காலி இடங்கள் நிறைய இருந்தால், உங்களுடையது அவற்றில் ஒன்று. அம்மா எப்படி வேலை செய்தார் என்பதைப் பற்றி ஒரு பத்தி எழுத உங்களுக்கு விஷயம் கிடைத்துவிட்டது. நோட்டு முழுவதிலும் உங்கள் இடம் ஒன்றுதான் காலி என்றால், மலரைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். நாம் அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.